மறைகுறிப்பும் சொல்லணியும்

1. தோற்றுவாய்

சொல்லை வைத்து ஆடும் ஆட்டம் தமிழ்மொழிக்குப் புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின் வகையாக எண்ணிய ஏழனுள் பிசியும் ஒன்று. தண்டியலங்காரம் சொல்லணிக்கெனத் தனி இயலே வகுத்து, சித்திரகவி பன்னிரண்டனை விரித்துரைக்கின்றது. ஆயினும் இக்காலத் திறனாய்வாளர் பலர் இவ்வகைச் செய்யுட்களைக் கவியுள்ளம் வற்றிய காலத்துப் பொழுதுபோக்கு என்று கூறி ஒதுக்குவர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், ஒதுக்குவதற்குமுன் ஒன்றை வினவுதல் வேண்டும். சொல்விளையாட்டு எந்நிலையில் வெறும் திறங்காட்டலாகின்றது? எந்நிலையில் படிப்போன் அறிவை மதித்து நடக்கும் ஒரு கலையாகின்றது?

இவ் வினாவிற்கு விடை காணத் துணைசெய்வது, ஆங்கில நாட்டில் கடந்த நூறாண்டுகளாக வளர்ந்துவரும் குறுக்கெழுத்துப் புதிர்வகை ஒன்று. அதன்கண் வரும் குறிப்பு வெளிப்படையாக ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை உணர்த்தும். அதனை ஈண்டு மறைகுறிப்பு என்போம். அதன் அமைப்பையும், அதைக் கற்போன் முதற்கண் பயில வேண்டுவதையும், அதன் நெறிகள் தமிழுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

2. மறைகுறிப்பின் வரலாறு

குறுக்கெழுத்துப் புதிர் அமெரிக்காவில் தோன்றியது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பிறந்த ஆர்தர் வின் என்பார் 1913 திசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அதனை முதன்முதல் வெளியிட்டார். அதன் குறிப்புகள் நேரான பொருள் விளக்கங்களே. 1924இல் ‘சண்டே எக்சுபிரசு’ இதழ்வழி அப் புதிர் இங்கிலாந்துச் செய்தித்தாளில் இடம்பெற்றது. 1925இல் ‘டெய்லி டெலிகிராப்’, 1930இல் ‘டைம்சு’ ஆகியவையும் அதை மேற்கொண்டன. அந் நாட்டிற் புகுந்தபின் குறிப்பின் இயல்பே மாறிற்று.

மாற்றத்திற்கு வழிகோலியவருள் தலையாயவர் எட்வர்டு பவிசு மாதர்சு (1892 - 1939). இவர் கவிஞர், மொழிபெயர்ப்பாளர். காசுமீரப் புலவர் பில்கணரின் வடமொழிப் பாடல்களைத் தழுவி 1919இல் ஆங்கிலக் கவிதை யாத்தவர். பாரதிதாசனாரின் ‘புரட்சிக் கவி’ பில்கணீயத்தைத் தழுவியதென்பதை அறிந்த தமிழர்க்கு இப்பெயர் முற்றும் அயலானதன்று. மாதர்சு, இசுபானியச் சமய விசாரணைத் தலைவன் ஒருவன் பெயரைப் பூண்டு, ‘டார்கெமாடா’ என்னும் புனைபெயரில் 1926 முதல் தம் இறுதிவரை ‘அப்சர்வர்’ வார இதழில் புதிர் அமைத்தார். நேர்குறிப்பை அறவே விலக்கி மறைகுறிப்புகளை மட்டுமே கொண்டு புதிர் அமைத்தமை அவர் செய்த புதுமை. ஆனால் அவர் குறிப்புகளுக்குத் திட்டவட்டமான வரம்பு இல்லை. அவர் உள்ளம் எங்ஙனம் இயங்கியது என்பதைப் படிப்போன் ஊகித்தே அறிதல் வேண்டும்.

வரம்பு வகுத்தவர் அவருக்குப்பின் அவ்விதழில் அமர்ந்த டெரிக் சாமர்செட் மெக்நட் (1902 - 1971). இவர் கிரைசுட்சு ஆசுபிடல் என்னும் பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் பயிற்றிய ஆசிரியர். மற்றொரு விசாரணைத் தலைவன் பெயரைக் கொண்டு ‘சிமெனிசு’ எனத் தம்மை வழங்கிக்கொண்டார். அவர் 1966இல் வெளியிட்ட குறுக்கெழுத்துக் கலை பற்றிய நூல் இத்துறைக்கு இலக்கணநூல் போல அமைந்தது. அவருக்குமுன் 1949இல் ‘அஃப்ரிட்’ என்னும் புனைபெயருடைய ரிட்சி என்பாரும் நேர்மை பற்றிய அடிப்படைக் கொள்கையைத் தம் நூலில் வலியுறுத்தியிருந்தார். குறிப்பின் மேற்பொருள் படிப்போனை எங்கு இழுத்துச் சென்றாலும், அதன் சொற்கள் மற்றொரு வகையாற் படிக்கப்படும்போது விடையைப் பிழையின்றிச் சுட்டியே ஆதல் வேண்டும் என்பது அக் கொள்கையின் சாரம். 1972இல் சிமெனிசின் இடத்தை ஏற்ற ‘அசெட்’ என்பார் அவர் நெறியைச் சுருக்கி, சரியான பொருள்விளக்கம், நேர்மையான துணைக்குறிப்பு ஆகிய இரண்டும் இருத்தல், அவற்றின் வேறாக எதுவும் இல்லாமை என மூன்றாக்கிக் கூறினார். ‘அசெட்’ என்னும் பெயரும் ‘டெசா’ என்ற விசாரணைத் தலைவன் பெயரின் எழுத்துகளைத் திருப்பி வைத்ததே என்பது நோக்கத்தக்கது.

3. குறிப்பின் அமைப்பு

மறைகுறிப்பு ஒவ்வொன்றிலும் இரு கூறுகள் உள. விடையின் பொருளை நேரே கூறுவது பொருட்கூறு; விடையின் எழுத்துகளை ஆக்கிக்கொள்ளும் வழியைக் கூறுவது சொற்கூறு. பொருட்கூறு குறிப்பின் முதலிலேனும் இறுதியிலேனும் நிற்கும், இடையில் வாராது. இவ்விரண்டும் சேர்ந்து ஒரே தொடராய் ஒலிக்கும்போது தோன்றும் பொருளை மேற்பொருள் எனலாம். மேற்பொருள் விடைக்கு உதவாது, திசைதிருப்புதற்கென்றே அமைந்தது.

கற்போர் தொடக்கத்தில் இடர்ப்படுவது சொல்வளம் போதாமையால் அன்று. தொடரைத் தொடராகவே படித்துப் பழகிய பழக்கமே அவர்க்குத் தடை. எழுவாய், பயனிலை, நிறுத்தற்குறி ஆகியவை காட்டும் வழியே அறிவு ஓடுகின்றது. அவ் வோட்டத்தை நிறுத்தி, தொடரை வேண்டிய இடத்தில் வெட்டிப் பார்க்கும் பயிற்சியே முதற்பாடம். இரண்டாம் பாடம், மேற்பொருளை நம்பாதவன் எழுத்துகளை முழுதும் நம்புதல். ஐயமும் நம்பிக்கையும் ஒருங்கே வேண்டப்படுதலின், இக்கலை கற்போர்க்கு முதலில் முரணாகத் தோன்றுகின்றது.

ஆங்கிலத்தில் ‘ஃபிளவர்’ என்பது மலர். அச்சொல்லைப் ‘பாய்தல்’ எனப் பொருள்படும் ‘ஃபுளோ’ என்னும் வினையாகவும் வினைமுதல் விகுதியாகவும் பிரித்தால், ‘பாய்வது’ என்றாகி ஆற்றைக் குறிக்கும். ஆகவே மலரைப் பற்றிய குறிப்பொன்று தேம்சு ஆற்றை விடையாகக் கொண்டிருத்தல் கூடும். இது நம் அணிநூலார் பிரிமொழிச் சிலேடை என்று வகுத்ததே. ‘பலகை’ என்பது பிரியாது நின்று மரத்தையும், ‘பல கை’ எனப் பிரிந்து கரங்களையும் உணர்த்துதல் போன்றது. ‘வனத்தில் பாய்வதும் பூப்பதும் ஒன்றே (3)’ எனக் குறிப்பு அமைத்தால் விடை ‘வேங்கை’ என்பதாகும். புலியும் மரமும் ஒரு சொல்லால் பெறப்படுதலின் இது செம்மொழிச் சிலேடை. அடைப்புக்குறியிலுள்ள எண் விடையின் எழுத்துத்தொகை.

4. வகைகளும் தண்டியலங்காரமும்

ஆங்கிலப் புதிராசிரியர் வழங்கும் வகைகள் பலவற்றிற்குத் தண்டியலங்காரத்தில் இணை காணலாம். எடுத்துக்காட்டுகளை இக் கட்டுரைக்கென அமைத்துள்ளோம்.

வினாவுத்தரம் என்பது பல வினாக்களின் விடைகளாகிய சிறு சொற்களைக் கூட்டி ஒரு பெயரை ஆக்குவது. ‘மன்னன் படைக்கலத்தோடு வழிபடுமிடம் (3)’ என்னும் குறிப்பை நோக்குக. மன்னன் ‘கோ’; படைக்கலம் ‘வில்’; இரண்டும் கூடக் ‘கோவில்’. ‘வழிபடுமிடம்’ பொருட்கூறு. அச்சொல்லின் பிறப்பு கோ, இல் என்னும் இரண்டாலாயது என்பர். சொற்பிறப்பு வேறு, புதிரின் பிரிப்பு வேறு என்பது இதனால் விளங்கும்.

கரந்துறை செய்யுள் ஒரு செய்யுளின் எழுத்துகளிடையே மற்றொரு செய்யுள் மறைந்திருப்பது. ‘அவா கைவிட்டோர் உள்ளத்தே வெற்றிப் பூ (2)’ என்பதில், முதலிரு சொற்களின் உள்ளே ‘வாகை’ கரந்துறைகின்றது. மேற்பொருளில் துறவியரின் நெஞ்சைச் சுட்டிய ‘உள்ளத்தே’ என்பது, சொற்கூறில் ‘உட்பகுதியில்’ என்னும் ஏவலாகின்றது.

அக்கரச் சுதகம் சொல்லின் எழுத்தை நீக்க நீக்க வேறு பொருள் தருவது. எழுத்து வருத்தனம் எழுத்தைக் கூட்டக் கூட்ட வேறு பொருள் தருவது. ‘உச்சி இழந்த சிகரம் கை (3)’ என்பதில் முதலெழுத்து நீங்கக் ‘கரம்’ எஞ்சும். மேற்பொருள் செவ்விதாக இல்லை என்று கருதி, ‘உச்சி இழந்த சிகரம் கைக்கு எட்டும்’ என்று திருத்தலாம் போலத் தோன்றும். திருத்தம் அழகுடையதே, ஆனால் நேர்மையுடையதன்று. ‘எட்டும்’ என்னும் சொல் பொருட்கூறிலும் சேராது, சொற்கூறிலும் சேராது, வீணே நிற்கின்றது. ‘கைக்கு’ என்பதும் ‘கரம்’ என்னும் விடைக்கு ஒத்த வேற்றுமையில் இல்லை. மிகையாக ஒரு சொல்லும் வேண்டா என்னும் விதியின் ஆற்றலை இச் சிறு எடுத்துக்காட்டே புலப்படுத்தும்.

மாலைமாற்று, முதலிலிருந்து படித்தாலும் ஈற்றிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே நிற்பது. புதிராசிரியரோ திருப்பிப் படித்தால் வேறு சொல்லாவதையே விரும்புவர். ‘படி, திரும்பினால் ஈசனே (2)’ என்பதில் ‘வாசி’ திரும்பிச் ‘சிவா’ ஆகும். விளியாகிய விடைக்கு விளியே பொருட்கூறாக நிற்றல் காண்க.

எழுத்துகளை இடம்மாற்றி அடுக்குவது ஆங்கிலத்தில் மிகப் பெருவழக்கு. சித்திரகவி பன்னிரண்டனுள் இதற்கு நேரான பெயர் இல்லை. ‘விதைக மாற்றி, விளையும் பாட்டு (3)’ எனின், ‘விதைக’ என்னும் வியங்கோளின் எழுத்துகள் இடம்மாறக் ‘கவிதை’ விளைகின்றது. உழவர் பயிரை மாற்றி விதைக்கும் வழக்கம் மேற்பொருளாக நின்று உண்மையை மறைக்கின்றது.

5. தமிழில் எழும் சிக்கல்கள்

ஆங்கில நெறிகளை அப்படியே பெயர்த்துத் தமிழிற் பொருத்தவியலாது. தமிழிலும் இவ்வகைப் புதிர்கள் இதழ்களில் வெளிவந்துள்ளன. அவற்றை அமைப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் மூன்றை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது எழுத்து பற்றியது. ஆங்கிலத்தில் எழுத்து 26. தமிழில் ஆய்தம் உட்பட 247. ஒரு கட்டத்தில் ஓர் உயிர்மெய் முழுமையாக நிற்பதால் இரு சொற்கள் ஓர் எழுத்தில் குறுக்கிடுதல் அருமை. ஆனால் குறுக்கிட்டு எழுத்தொன்று கிடைத்துவிட்டால், அது ஆங்கில எழுத்தைவிடப் பன்மடங்கு துணைசெய்யும். மேலும் மெய்யெழுத்து மொழிமுதல் ஆகாது. ஆதலின் மெய்யில் முடியும் சொல்லைத் திருப்பினால் சொல்லாகாது. ‘கரம்’, ‘கோவில்’ போன்ற எண்ணற்ற சொற்கள் திருப்பும் வகைக்குப் பயன்படா. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளைப் பற்றித் தொல்காப்பியர் கூறிய விதிகளே தமிழ்ப் புதிரின் எல்லைகளாகவும் அமைகின்றன.

இரண்டாவது வேற்றுமை பற்றியது. ஆங்கிலப் பெயர் எழுவாயாயினும் செயப்படுபொருளாயினும் உருத்திரியாது நிற்கும். தமிழிலோ ‘சிகரம்’ என்பது ‘சிகரத்தை’, ‘சிகரத்தின்’ எனச் சாரியை பெற்றுத் திரியும். ‘சிகரத்தின் தலை’ என்றால் ‘சி’ என்பதில் ஐயமில்லை. ‘சிகரத்தின் கடை’ என்றால் கடையெழுத்து ‘ம்’ என்பதா, ‘ன்’ என்பதா? எனவே தமிழ்க்கு ஒரு தனி விதி வேண்டும். ஒரு சொல் அதன் பொருளுக்காக நிற்குமாயின் வேற்றுமை ஏற்கலாம். அதன் எழுத்துகளுக்காக நிற்குமாயின் இயல்பான வடிவிலேயே நிற்றல் வேண்டும். மேற்காட்டிய ‘படைக்கலத்தோடு’ என்பது முன்னதற்கும், ‘உச்சி இழந்த சிகரம்’ என்பது பின்னதற்கும் காட்டு.

மூன்றாவது புணர்ச்சி பற்றியது. ‘அவா கைவிட்டோர்’ என்பதில் ஐயுருபு தொக்கு நிற்றலால் ஒற்று மிகவில்லை. ‘வாகை’ இடையறாது கிடைக்கின்றது. உருபை விரித்து ‘அவாவைக் கைவிட்டோர்’ என்று எழுதினால் மறைந்திருந்த சொல் சிதையும். விடை கிடைக்கவேண்டும் என்பதற்காக வேண்டிய ஒற்றை விடுவதும் வேண்டாத ஒற்றை இடுவதும் தமிழ்ப் புதிரில் பொறுக்கத்தகாத குற்றங்கள். சிமெனிசின் நூலில் இதற்கு விதி தேடிப் பயனில்லை. எழுத்ததிகாரத்திலேயே தேடுதல் வேண்டும்.

இச் சிக்கல்களுக்கு ஈடாகத் தமிழ் தரும் உரிமையும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இயற்பெயர் பெரிய எழுத்தால் தொடங்கும். அது பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் அத்தகைய வேறுபாடின்மையால் ‘மணி’ என்பது ஆட்பெயரா, ஒலிக்கும் பொருளா, நவமணியுள் ஒன்றா என்பதைக் கண் கண்டறியாது.

6. நேர்மை பற்றிய வழக்கு

சிமெனிசின் விதிகளை எல்லாரும் ஏற்றிலர். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள ‘கேட்சுஎட்’ என்னும் ஊர்ப்பெயரைக் ‘கேட்டின் தலை’ எனப் பிரித்து, ‘கேட்’ என்ற சொல்லின் முதலெழுத்தைச் சுட்டுவதாக ஆளலாமா என்பது அந்நாட்டில் நெடுநாளைய வழக்கு. சேர்த்தெழுதிய ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்ளுமாறு எங்கும் கூறாமல் விடுவது நேர்மையன்று என்பர் சிமெனிசு மரபினர். பிரித்துக் கண்டவுடன் ஐயமற விளங்குதலின் அது குற்றமன்று என்பர் மற்றையோர்.

உரிமை வேண்டுவோருள் புகழ்பெற்றவர் ஜான் கிரகாம் (1921 - 2013). கிறித்துவக் குருவாகிய இவர் 1958 முதல் ‘கார்டியன்’ நாளிதழிற் புதிர் அமைத்தவர். ‘அராக்கேரியா’ என்பது அவர் புனைபெயர். ஆங்கில வழக்கில் ‘குரங்கின் புதிர்’ எனப்படும் மரத்தின் நிலைத்திணைநூற் பெயர் அது. சிமெனிசின் விதிகளை அவர் வேண்டிய இடத்து மீறினார். அதனால் அவர் புதிர்கள் கெட்டுவிடவில்லை.

2013 சனவரியில் வெளிவந்த அவர் புதிர் ஒன்று இவ் வழக்கிற்குப் புதியதொரு சான்று தருகின்றது. அதன் முன்னுரையில் அராக்கேரியாவுக்கு இன்ன எண்ணுள்ள விடை உற்றுள்ளது, அதற்கு இன்ன எண்ணுள்ள விடைகளால் மருத்துவம் நடைபெறுகின்றது என்று மட்டும் குறித்திருந்தார். கட்டங்களை நிரப்பியோர் புற்றுநோய், உணவுக்குழாய், துயர்தணிப்புப் பேணல் என்னும் பொருளுடைய சொற்களைத் தம் கையாலேயே எழுதினர். தாம் இறுதிநோயுற்ற செய்தியைப் பல்லாண்டுகளாகத் தம்மோடு உரையாடிவந்தவர்க்கு அவர் அறிவித்த முறை அது. அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார். சொல்விளையாட்டில் உணர்ச்சிக்கு இடமில்லை என்று கூறுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செய்தித்தாளிற் படித்து அறிவதற்கும், ஒவ்வோர் எழுத்தாகத் தானே கண்டு அறிவதற்கும் வேறுபாடு உண்டு. அவ் வேறுபாட்டை ஆக்கியது அப் புதிரின் வடிவமே.

இனி, இருதிறத்தாருள் யார் கூற்று வலியுடைத்து? விதிகளை எண்ணி மதிப்பிடுவதினும், அவற்றின் பயனை நோக்கி மதிப்பிடுதலே தக்கது. விடை கிடைத்தபின் படிப்போன் உள்ளத்தில் ஐயம் எஞ்சுகின்றதா என்பதே உரைகல். எஞ்சாதாயின், விதி மீறப்பட்டபோதும் நேர்மை காக்கப்பட்டது. எஞ்சுமாயின், விதிகள் யாவும் காக்கப்பட்டபோதும் குறிப்பு வழுவுடையது. எனினும் கற்போர்க்கும் புதிதாக அமைக்கப் புகுவோர்க்கும் சிமெனிசின் வரம்பே தக்கது. எல்லையை அறியாதவன் அதனைக் கடந்தேன் என்று கூறுதல் இயலாது. கிரகாம் மீறியவை தாம் நன்கு அறிந்தவற்றையே.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், மறைகுறிப்பிற்கும் நம் சித்திரகவிக்கும் கருவிகள் பெரும்பாலும் ஒன்றே என்பது பெறப்பட்டது. வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. நாகபந்தமும் சக்கரமும் வரைபடமின்றி விளங்கா. காதை கரப்பும் கரந்துறை செய்யுளும் உரையாசிரியர் எழுத்தைப் பொறுக்கிக் காட்டியபின்னரே பலர்க்குப் புலனாகும். அங்குப் படிப்போன் வியந்து நிற்பவன். மறைகுறிப்பிலோ படிப்போன் துணையின்றித் தனித்திருப்பவன். ஆகவே பொருட்கூறு சொற்கூற்றுக்கும், சொற்கூறு பொருட்கூற்றுக்கும் சான்றாகி, குறிப்பு தன் உரையைத் தன்னுள்ளேயே கொண்டு நிற்கின்றது. அமைப்போன் நன்றாகப் போராடி இறுதியில் தோற்கவேண்டியவன் என்று அத்துறையினர் கூறுவதன் கருத்தும் இதுவே.

இவ் வளவுகோலைக் கொண்டு நம் சொல்லணிச் செய்யுட்களை மீளவும் நோக்கினால், அவை யாவும் ஒரு தரத்தன அல்ல என்பது விளங்கும். வினாவுத்தரம் தன் வினாக்களாலேயே தன்னை விளக்கிக்கொள்ளும். சிலேடையுள் சிறந்தவை இரு பொருளையும் வலிந்துகோடலின்றித் தரும். இவை படிப்போனை மதித்த செய்யுட்கள். மற்றைய பல, புலவன் திறனை அவைக்குக் காட்டுவதோடு அமைந்தன. எல்லாவற்றையும் ஒருங்கே புகழ்தலும் ஒருங்கே ஒதுக்குதலும் திறனாய்வு ஆகா.

தமிழில் மறைகுறிப்பு அமைக்க விழைவோர்க்கு ஆங்கில நூல்கள் வழிகாட்டும். ஆனால் விதி வகுத்துத் தாரா. வேற்றுமைக்கும் புணர்ச்சிக்கும் மொழிமுதல் எழுத்துக்கும் ஏற்ற நேர்மை எது என்பதை நம் இலக்கண நூல்களிலிருந்தே வருவித்தல் வேண்டும். மேலே கூறிய மூன்று சிக்கல்களும் அத்தகைய விரிவான ஆராய்ச்சிக்குத் தொடக்கமாக அமைதல் கூடும்.